கடன் நோட்டில் எல்லார் செல் நம்பரும் 2147483647 ஆகிவிட்டது, இது பகா எண்ணாமே?

வலங்கைமான் உரக்கடை

வணக்கம். வலங்கைமான் பக்கத்தில் சின்னதாக ஓர் உரக்கடை வைத்திருக்கிறேன். கணக்குப் பாடம் எனக்குப் பத்தாம் வகுப்போடு சரி, அப்புறம் எல்லாம் மூட்டைக் கணக்கும் பாக்கிக் கணக்கும்தான். போன குறுவைக்கு முன்னால், மேட்டூர் திறப்பதற்குள் முடித்துவிடலாம் என்று, கடன் நோட்டு அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றித்தரச் சொல்லித் தெரிந்த பையன் ஒருவனிடம் கொடுத்தேன். ஏற்றியும் கொடுத்தான். பெயர், ஊர், எத்தனை மூட்டை, எவ்வளவு பாக்கி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இப்போது பாக்கிக்காரர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்று திறந்து பார்த்தால், செல் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரே நம்பர்: 2147483647. பையன் தன் நம்பரையே எல்லாருக்கும் போட்டுவிட்டானோ என்று அதற்கே போன் அடித்துப் பார்த்தேன். அப்படி ஒரு நம்பரே இல்லை என்று வந்தது.

இதைப் பார்த்துவிட்டு என் அண்ணன் மகள் சிரிக்கிறாள். கும்பகோணத்தில் கணக்கு படிக்கிறாள். "சித்தப்பா, இது சும்மா நம்பர் இல்லை, பகா எண். 250 வருஷத்துக்கு முன்னாலேயே ஆய்லர் என்ற கணித மேதை இதைக் கையால் நிரூபித்துவிட்டார்" என்கிறாள். எனக்கு அது ஏறவில்லை. பில் புக்கின் பின்பக்கம் 3, 7, 11, 13 என்று வகுத்துக்கொண்டே போனேன். 89 வரை வந்தபோது ஒருவர் டிஏபி இரண்டு மூட்டை கேட்டு வந்தார், எழுதிக்கொடுத்துவிட்டுத் திரும்பினால் எதில் விட்டேன் என்பதே மறந்துவிட்டது.

கேட்க வேண்டியது இதுதான். இந்த நம்பர் என் கடைக்குள் எப்படி வந்தது? பழைய நம்பர்கள் திரும்பக் கிடைக்குமா? அப்புறம், மெஷின் இல்லாத காலத்தில் ஒரு மனுஷன் பத்து இலக்க எண்ணை எதனாலும் வகுபடாது என்று எப்படி அடித்துச் சொன்னார்? உட்கார்ந்து எல்லாவற்றாலும் வகுத்தாரா?

மன்னை கோடு

அண்ணே, சொந்த ஊர் மன்னார்குடி, இப்போது சென்னையில் இதே கம்ப்யூட்டர் வேலைதான் பார்க்கிறேன். உங்கள் பையன் செய்த தப்பை நானும் முதல் வேலையில் செய்திருக்கிறேன், அதனால் ரொம்பத் திட்டாதீர்கள்.

செல் நம்பரை எழுத்தாக வைக்காமல் எண்ணாக வைத்திருக்கிறான். கம்ப்யூட்டரில் சாதாரண எண் ஒன்றுக்கு 32 கட்டம் ஒதுக்குவார்கள், ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1. ஒரு கட்டம் கூட்டலா கழித்தலா என்று சொல்வதற்குப் போய்விடும். மீதி 31 கட்டத்திலும் 1 போட்டால் 1 + 2 + 4 + 8 என்று இரட்டித்துக்கொண்டே போய் மொத்தம் 2^31 − 1 (2-ஐ 31 தடவை பெருக்கி ஒன்று கழித்தது), அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அந்த மரக்கால் கொள்வது அவ்வளவுதான். நம் ஊர் செல் நம்பர் எல்லாம் 6, 7, 8, 9-இல் ஆரம்பிப்பது, 600 கோடிக்குக் கீழே ஒன்றுமே கிடையாது. சில டேட்டாபேஸ்கள் இந்த மாதிரி நேரத்தில் தப்பு என்று கத்தாமல், நெல் அளக்கும்போது தலை தட்டுவார்களே, அந்த மாதிரி மேலே நின்றதை வழித்துவிட்டு, கொண்ட மட்டும் வைத்துக்கொள்ளும். உங்களிடம் நடந்தது அதுதான்.

நம்பர்கள் திரும்ப வராது. வழித்துவிட்ட நெல் எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று மரக்காலைக் கேட்டு என்ன பிரயோஜனம். பழைய நோட்டு இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண் உங்கள் கடைக்கு மட்டும் வந்ததில்லை. 2014-இல் கொரியப் பாட்டு ஒன்றை இதற்கு மேல் தடவை பார்த்து, யூடியூப் தன் எண்ணும் கட்டத்தையே பெரிதாக்க வேண்டி வந்தது. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பழைய முறைக் கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிக்கொண்டிருக்கின்றன. அந்த எண்ணிக்கை 2147483647-ஐத் தொடுவது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. பொங்கல் கரும்புச் சக்கையைக் கூட அப்போது நாம் அள்ளியிருக்க மாட்டோம். மாற்றாமல் விட்ட மெஷின் எல்லாம் அடுத்த நொடியில் 1901-க்குத் திரும்பிவிடும்.

பகா எண் விஷயத்தை யாராவது கணக்குக்காரர் சொல்லட்டும், எனக்கு அதில் அரைகுறைதான்.

நீடாமங்கலம் ஜங்ஷன்

ரொம்ப சிம்பிள். 31 பகா எண். 2^பகா எண் − 1 எப்போதும் பகா எண். முடிந்தது. இதெல்லாம் நம்ம ராமானுஜன் எப்போதோ கண்டுபிடித்தது, வெள்ளைக்காரன் பெயர் போட்டுக்கொண்டான்.

குடந்தை ஓய்வு வாத்தியார்

நீடாமங்கலம் தம்பி, இரண்டுமே தப்பு. 11 பகா எண்தானே? 2^11 − 1 என்பது 2047. அது 23 × 89. பெருக்கிப் பாருங்கள். அடுக்கு பகா எண்ணாக இருந்தால்தான் வாய்ப்பே உண்டு, ஆனால் இருந்தாலே போதும் என்று கிடையாது. இதில் பெரிய பெரிய ஆள்களே வழுக்கியிருக்கிறார்கள். 1644-இல் மெர்சென் என்ற பாதிரியார் 257 வரைக்கும் எந்தெந்த அடுக்குக்குப் பகா எண் வரும் என்று ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் 67-உம் 257-உம் தப்பாக நுழைந்துவிட்டன, 61, 89, 107 மூன்றும் விடுபட்டுப்போயின. 67 கதை தனிக் கதை. அது பகா எண் இல்லை என்று 1876-இலேயே லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் காட்டிவிட்டார், ஆனால் எதால் வகுபடும் என்று அவருக்கும் தெரியாது. 1903-இல் அமெரிக்காவில் ஒரு கணிதக் கூட்டத்தில் கோல் என்பவர் எழுந்துபோய், ஒரு வார்த்தை பேசாமல் ஒரு பலகையில் 2^67 − 1-ஐ விரித்து எழுதினார், இன்னொரு பக்கம் 193707721 × 761838257287 என்று போட்டு முழுசாகப் பெருக்கினார். இரண்டும் ஒன்றாக வந்தது. போய் உட்கார்ந்துகொண்டார். கூட்டம் கை தட்டியது.

ராமானுஜன் வீடு சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருக்கிறது, நான் நடந்துபோகும் தூரம்தான். அதற்காக எல்லாவற்றையும் அவர் பெயரில் எழுதிவைக்கக் கூடாது. 2^31 − 1 நிரூபணமானது 1772-இல், அவர் பிறந்தது 1887-இல். பகா எண்களில் அவர் செய்தது வேறு. 1-க்கு மேல் எந்த முழு எண்ணை எடுத்தாலும் அதற்கும் அதன் இரட்டிப்புக்கும் நடுவே ஒரு பகா எண்ணாவது உண்டு என்பதை முதலில் நிரூபித்தவர் செபிஷேவ். அதற்கு ரொம்பச் சுருக்கமான ஒரு நிரூபணத்தை 1919-இல் ராமானுஜன் வெளியிட்டார். 1913-இல் இங்கிலாந்துக் கணித மேதை ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் பகா எண்களின் எண்ணிக்கையைப் பற்றி அவர் சொன்னது சரியாக வரவில்லை, அதையும் சேர்த்துச் சொன்னால்தான் மரியாதை.

இப்போது கடைக்காரருக்கு வருகிறேன். ஐயா, நீங்கள் ஆரம்பித்த வழியும் சரியான வழிதான், நீளம்தான் அதிகம். 2147483647-இன் வர்க்கமூலம் 46340-க்குக் கொஞ்சம் மேலே. வகுத்திகள் ஜோடியாக வரும், ஜோடியில் சின்னது 46340-க்குள் இருந்தே ஆக வேண்டும். அதற்குள் இருக்கும் பகா எண்கள் மட்டும் நாலாயிரத்து எழுநூறுக்கு மேல். நாளைக்கு ஐம்பது வகுத்தாலும் மூன்று மாதம், வியாபாரம் படுத்துவிடும். ஆய்லர் அப்படிச் செய்யவில்லை. இந்த எண்ணின் உருவத்தையே பிடித்துக்கொண்டார்: இது இரண்டை 31 முறை பெருக்கி ஒன்று கழித்தது. அந்த உருவம் இருக்கிற எண்ணை வகுக்க எல்லா எண்ணுக்கும் தகுதி கிடையாது.

எப்படி என்றால், 23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1-இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போங்கள், 23-ஐத் தாண்டினால் 23-ஐக் கழித்துவிடுங்கள். 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1. தேர் நிலைக்கு வந்துவிட்டது, 11 அடியில். பதினோரு முறை இரட்டித்தால் மீதி 1, ஆகவே 2^11 − 1 மிச்சமில்லாமல் 23-ஆல் வகுபடுகிறது. இந்தச் சுற்றின் நீளம் எப்போதும் அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைத்ததை வகுக்கும் என்பது பெர்மா சொன்னது. 11, 22-ஐ வகுக்கிறது பாருங்கள்.

நம் எண்ணை ஏதாவது ஒரு பகா எண் வகுத்தால் அதன் சுற்று 31 அடியில் நிலைக்கு வர வேண்டும். 31-ஐ உடைக்க முடியாது, ஆகவே சுற்றின் நீளமே 31. அப்படியானால் அந்த வகுத்தியில் ஒன்று குறைத்தால் 31-ஆல் வகுபடும், ஒற்றைப்படை என்பதால் 2-ஆலும் வகுபடும். ஆக 62-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதுதான் வகுத்தியாக வர முடியும். மற்றதெல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். நீங்கள் மெனக்கெட்டு வகுத்த 3, 7, 11, 13 எதற்கும் உள்ளே வர அனுமதியே இல்லை.

இன்னொரு சல்லடை இருக்கிறது. 2^32 என்பது 65536-இன் வர்க்கம். நம் வகுத்திக்கு 2^31-இன் மீதி 1 என்றால் 2^32-இன் மீதி 2. ஒரு வர்க்கம் 2 மீதி தரும்படியான ஒற்றைப்படைப் பகா எண்கள் 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி வருபவை மட்டுமே. (இதற்கு நிரூபணம் உண்டு, இங்கே எழுதினால் காவேரி மாதிரி நீளும்.) இரண்டு சல்லடையையும் சேர்த்தால், 248-இன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டியது. 46340-க்குள் இப்படி 373 எண்தான். முதல் எண் 63, அது 3-ஆலேயே போய்விடும். மீதி 372-இலும் பகு எண்களை அடித்துவிட்டால் எண்பது சொச்சம் மிஞ்சும். அது ஒரு மனுஷன் செய்கிற வேலைதானே?

அதிலும் பத்து இலக்கத்தை நீள வகுத்தல் போட வேண்டியதில்லை. முதலில் நிற்பது 311. 2^8 என்பது 256, 311-க்கு 55 குறைவு. 55-ஐ 55-ஆல் பெருக்கினால் 3025, அதில் 311-ஐ ஒன்பது முறை எடுத்தால் 226. இது 2^16-இன் மீதி. அதில் பாதி 113, இது 2^15-இன் மீதி. இரண்டையும் பெருக்கினால் 25538. 311 × 82 = 25502. மிச்சம் 36. ஒன்றைக் கழித்தால் 35. பூஜ்யம் வரவில்லை, 311 அவுட். அடுத்து 497, 559, 745 எல்லாம் பகு எண், தாண்டிப்போனால் நேரே 1303-இல்தான் நிற்பீர்கள்.

1772-இல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் ஆய்லர் இதைச் சொன்னபோது அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. கணக்கு மனசுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பிள்ளைகள் 17-ஆம் வாய்ப்பாட்டுக்கு செல்போனைத் தேடுகிறார்கள்.

வலங்கைமான் உரக்கடை

சார், கும்பிடுகிறேன். இரண்டு தடவை படித்தேன், தேர் நிலைக்கு வருகிற இடத்தில்தான் பிடி கிடைத்தது. நம்பாமல் கால்குலேட்டரில் நேராகவே போட்டேன்: 311 × 6905092 = 2147483612, மிச்சம் 35. நீங்கள் சொன்னது அப்படியே வருகிறது! பத்து இலக்கத்தைத் தொடாமலேயே 35-ஐ எப்படிப் பிடித்தீர்கள் என்று இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஒரு சந்தேகம், தப்பாக நினைக்க வேண்டாம். பகா எண் என்று தெரிந்து யாருக்கு என்ன லாபம்? கடைத் திண்ணையில் இதைச் சொன்னேன், "அதை வைத்து யூரியா வாங்க முடியுமா" என்று கேட்டார்கள்.

மன்னை கோடு

திண்ணைக்காரர்களுக்கு ஒரு கூட்டாளி இருக்கிறார். 1811-இல் பார்லோ என்ற ஆங்கிலேயர் இதே எண்ணைப் பற்றி எழுதும்போது, இதை வைத்துக் கிடைக்கிற செவ்விய எண்ணைவிட (தன்னை விட்டுவிட்டு வகுத்திகளைக் கூட்டினால் தானே வருகிற எண்) பெரியதை அநேகமாக இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, வேடிக்கையைத் தவிர இதில் பிரயோஜனம் இல்லை, அதனால் யாரும் முயலவும் மாட்டார்கள் என்கிற மாதிரி எழுதிவைத்தார். பாவம்! 1876-இல் லூக்கா 39 இலக்கத்தில் 2^127 − 1 என்ற பகா எண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார், அதை வைத்து இன்னும் பெரிய செவ்விய எண்ணும் வந்துவிட்டது. 2024 அக்டோபரில் வந்தது 2^136279841 − 1, 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல் இலக்கம். பக்கத்துக்கு 3000 இலக்கம் அச்சடித்தாலும் பதின்மூன்றாயிரம் பக்கத்தைத் தாண்டும், உங்கள் கடையில் வைக்க இடம் இருக்காது.

பிரயோஜனம் கேட்டீர்கள். கம்ப்யூட்டரில் குலுக்கல் போட இந்த எண் ரொம்ப நாள் உழைத்திருக்கிறது. ஓர் எண்ணை எடு, 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகுத்து மீதியை வை, அதுதான் அடுத்த சீட்டு. சின்னதாகப் பார்க்க வேண்டுமென்றால் 3-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்து மீதியை வைத்துக்கொண்டே போங்கள்: 1, 3, 2, 6, 4, 5, மறுபடி 1. ஆறும் ஒவ்வொரு முறை வந்துவிட்டுத்தான் சுற்று முடிகிறது. சார் சொன்ன அதே தேர்தான், ஆனால் இங்கே எல்லா வீட்டு வாசலிலும் நின்று போகிறது. 16807 என்பது 7^5. நம் எண்ணை வைத்து அதால் பெருக்கிக்கொண்டே போனால் 2147483646 எண்களும் ஒன்று விடாமல் வந்த பிறகுதான் முதல் எண் திரும்பும். வெறும் 7-ஆல் பெருக்கினாலே அப்படி முழுச் சுற்று வரும். நம் எண்ணில் ஒன்று குறைத்தால் 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331, அதில் 5 இல்லை, அதனால் 7^5-உம் அதே முழுச் சுற்றைச் சுற்றும். 1988-இல் பார்க், மில்லர் இருவரும் குறைந்தபட்சம் இதையாவது பயன்படுத்துங்கள் என்று இதைத்தான் சிபாரிசு செய்தார்கள். ரகசியம் காக்கிற வேலைக்கு மட்டும் இது ஆகாது, ஒரு சீட்டைப் பார்த்தவன் அடுத்ததைச் சொல்லிவிடுவான்.

கணக்கு மூன்றாம் ஆண்டு

சித்தப்பா, நான்தான். இங்கே வந்து கேட்பீர்கள் என்று தெரியும், அதான் தேடிக் கண்டுபிடித்தேன்.

சாரின் சல்லடை அழகு, ஆனால் 4 கோடி இலக்கத்துக்கு அது தாங்காது சார். இந்த உருவ எண்களுக்கு வகுத்தியே தேடாமல் பார்க்கிற வழி ஒன்று உண்டு, லூக்கா ஆரம்பித்து லேமர் சீராக்கியது. 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து 2 கழித்து, நம் எண்ணால் வகுத்து மீதி வைத்துக்கொண்டே போக வேண்டும். 31-க்குப் போட்டுக் காட்டுகிறேன், அது 2^5 − 1. 4-இலிருந்து 14. 14-இலிருந்து 194, மீதி 8. 8-இலிருந்து 62, மீதி 0. அடுக்கில் இரண்டு குறைத்த அளவு, அதாவது மூன்றே அடி, பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 2147483647-க்கு 29 அடி. அதே 29 அடியைக் கையால் போட்டால் முதல் நாலு அடிக்கு அப்புறம் பெரும்பாலும் பத்து இலக்கப் பெருக்கல், நான் ஏழாவதில் நிறுத்திவிட்டேன்.

அப்புறம் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறு. 28-ஐ வகுக்கிற 1, 2, 4, 7, 14-ஐக் கூட்டினால் 28-ஏ வரும். 28 என்பது 4 × 7, அதாவது 2^2 × (2^3 − 1). அதே மாதிரி உங்கள் கடை நம்பரை 2^30-ஆல் பெருக்கினால் 2305843008139952128. அதன் வகுத்திகளை, அதை மட்டும் விட்டுவிட்டு, கூட்டினால் மறுபடி அதுவே வரும். யூக்ளிட் காலத்துச் சூத்திரம்.

வலங்கைமான் உரக்கடை

அடிப் பாவி, நீயே முதலில் உட்கார்ந்து இதைச் சொல்லியிருக்கலாமே.

எல்லாருக்கும் நன்றி. நிலவரம் சொல்லிவிடுகிறேன். பழைய நோட்டு பரணில் கிடைத்தது, ஓரத்தைக் கரையான் கொஞ்சம் தின்றிருக்கிறது. பாதிப் பேர் நம்பர் அதில் இருக்கிறது, மீதிப் பேர் சம்பாவுக்கு உரம் வாங்க எப்படியும் வருவார்கள், வரும்போது கேட்டுக்கொள்கிறேன். பையனைக் கூப்பிட்டு அந்தக் கட்டத்தை எழுத்துக் கட்டமாக மாற்றச் சொன்னேன், அஞ்சு நிமிஷத்தில் மாற்றிவிட்டுக் காசு வேண்டாம் என்று போய்விட்டான்.

சார் சொன்னபடி மேலே போய்ப் பார்த்தேன். 1303-க்கு மிச்சம் 226. 1489-க்கு 199. பில் புக்கில் தனிப் பக்கம் போட்டு எழுதி வருகிறேன், மூன்று முடிந்தது, இன்னும் எண்பது சொச்சம் இருக்கிறது. யாராவது ஏற்கெனவே போட்டு வைத்திருந்தால் விடையை மட்டும் இங்கே எழுதிவிடாதீர்கள்.